பரவைக் கடலில் ஒரு சின்ன லொறி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் ஒன்றில், காக்கைதீவுக்கு அப்பால், பரவைக் கடல் என்கிற ஆழமில்லாத களப்பின் கரையில் நடந்தது இது. அன்றைக்கு நான் கட்டியிருந்த சேலையில் பட்ட சேற்றுக்கறை எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை. ஆனாலும் அதை எறிய மனம் வரவில்லை.

நாங்கள் இணுவிலில் இருக்கிறோம். மகள் படிப்புக்காகக் கண்டியில் நிற்கிறாள். வீட்டில் நானும் என் கணவரும்தான். அவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறார். பகல் முழுக்கச் சனங்களின் முறைப்பாடுகளைக் கேட்டுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் கதைப்பது குறைவு. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

லண்டனில் இருக்கும் என் தம்பி ஒருமுறை வந்தபோது, றிமோட்டில் ஓடுகிற விளையாட்டு லொறி ஒன்றைக் கொண்டு வந்தான். ஒரு முழம் நீளம் இருக்கும். திரும்பிப் போகும்போது பெட்டியில் இடமில்லை என்று விட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து என் சமையலறை மேசை எனக்கு இல்லாமற் போயிற்று.

முதலில், வேகம் போதாது என்று என் கணவர் பெரிய மோட்டர் ஒன்றை வரவழைத்துப் பூட்டினார். பள்ளிக்கூட மைதானத்தில் விட்டபோது அது பறந்து போய்க் குத்துக்கரணம் அடித்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்லுச்சில்லுகள் அரைபட்டுப் போயின. இரும்புப் பல்லுச்சில்லு போட்டார், அச்சு முறிந்தது. அச்சை மாற்றினார், வேறொன்று உடைந்தது. கடைசியில் ஒரு நாள் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் பரப்பி வைத்துவிட்டு, "நானென்ன போட்டிக்கே ஓடப் போறன்? சும்மா ஓடித் திரிஞ்சாக் காணும்" என்று தனக்குத்தானே சொன்னார்.

பிறகு வேகமான மோட்டரை எடுத்துவிட்டு, மெதுவாக ஓடினாலும் நன்றாக இழுக்கக்கூடிய ஒன்றைப் போட்டார். ஸ்பிரிங்குகளை மாற்றினார். லொறிக்குக் கொஞ்சமும் பொருந்தாத, ஊதிப் பெருத்த அகல ரயர்களைப் பூட்டினார். தண்ணீர் பட்டாலும் பழுதாகக் கூடாது என்று, உள்ளே இருந்த மின்பலகைக்கு, நகத்துக்குப் பூசுகிற என்னுடைய கியூடெக்ஸை எடுத்துப் பூசிவிட்டார். மகள் வாங்கித் தந்த நல்ல சிவப்புக் கியூடெக்ஸ்.

"உதாலை ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன். சிரித்தார். "ஒருக்கா ஓட்டிப் பாருமன்" என்று றிமோட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. அதற்குப் பிறகும் பலமுறை நீட்டியிருக்கிறார். ஒரு நாளும் வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியேதான் அதைக் கொண்டுபோய் ஓட்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அராலியில் சொந்தக்காரரின் புது வீட்டுக் குடிபூரலுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். இருக்கைக்குக் கீழே லொறி இருந்தது எனக்குத் தெரியாது. கரையோரம் வந்ததும் நிறுத்தி, "கொஞ்ச நேரம்" என்றார். அந்த மாதத்தில் பரவைக் கடல் வற்றி, தரை வெடித்துப் பரந்து கிடக்கும். ஓட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லையாம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்கூட்டரிலேயே இருந்தேன்.

லொறி மெல்ல மெல்லத் தூரப் போனது. ஓரிடத்தில் காய்ந்த பாசி சில்லில் சுற்றி நின்றுவிட்டது. "இதைப் பிடியும், எடுத்துக்கொண்டு வாறன்" என்று றிமோட்டை என் கையில் திணித்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு நடந்தார். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஐயோ" என்ற சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அவர் கால் புதைந்து நின்றார்.

மேலே தரை மாதிரி இருந்தது வெறும் பொருக்குத்தான். அடியில் சுரி, காலை விடாத சேறு. ஒரு காலை இழுக்கப் போக மற்றக் கால் இறங்கியது. முழங்கால் வரை, பிறகு தொடை வரை. நான் ஓடப் போனேன். "வராதையும்! அங்கையே நில்லும்!" என்று கத்தினார். அவர் என்னைப் பார்த்துக் கத்தியது கலியாணம் முடித்த பிறகு அதுதான் முதல் தடவை.

கொஞ்சம் தள்ளி, ஒரு கொட்டிலுக்குப் பக்கத்தில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் குழறிய குழறலில் ஓடி வந்தார்கள். அந்த அண்ணை நீளத் தடி ஒன்றை ஊன்றி ஊன்றிக் கொஞ்சத் தூரம் போனார். ஓரிடத்தில் தடி பாதிக்கு மேல் உள்ளே போனது. திரும்பி வந்துவிட்டார்.

"முந்தி வள்ளம் போன வாய்க்கால், தங்கச்சி. தூந்துபோய் மேலை மட்டும் காஞ்சிருக்கு. நானும் இறங்கினா ரெண்டு பேரும்தான்."

பிறகு என் கணவரைப் பார்த்து, "அண்ணை, காலை உதறாதையுங்கோ! பின்னுக்குச் சாய்ஞ்சு இருங்கோ!" என்று கூவினார். கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்தார். பாதித் தூரம்கூடப் போகவில்லை. மறுபடி எறிந்தார். மறுபடியும்.

வள்ளம் கொண்டுவர முடியாதா என்று கேட்டேன். அந்த அண்ணை கைபேசியில் யாரையோ கூப்பிட்டுச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "வருவினம். ஆனா வள்ளம் மிதக்கத் தண்ணி ஏற வேணும். தண்ணி ஏறினா அவருக்குத்தான் கஷ்டம்." அப்போதுதான் கவனித்தேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எழும்பியிருந்தது. தெற்கே, வெடித்த தரையின் மேல் தண்ணீரின் மெல்லிய பளபளப்பு ஒன்று எங்கள் பக்கமாகப் பரவி வந்துகொண்டிருந்தது. அவர் இடுப்பு வரை இறங்கியிருந்தார்.

நான் அழத் தொடங்கிவிட்டேன். அந்த அக்கா என் தோளைப் பிடித்தா. என் கையைப் பார்த்தா.

"பிள்ளை, உது ஓடுமோ?"

றிமோட் இன்னும் என் கையிலேயே இருந்தது. எனக்கு விளங்கவில்லை.

"அந்தா, அவருக்குப் பக்கத்திலை நிக்கிறதுதானே? உது இஞ்சை வந்து கயிறு கொண்டு போகாதோ?"

அந்த அண்ணை உடனே கொட்டிலுக்கு ஓடினார், மெல்லிய நைலோன் நூல் எடுக்க.

நான் என் கணவருக்குக் கத்திச் சொன்னேன். அவர் எட்டி லொறியைப் பிடித்து, சில்லில் சுற்றிய பாசியைப் பிய்த்து எறிந்து, அதைக் கரைப் பக்கம் திருப்பி வைத்தார். றிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை இழுத்தால் ஓடும், பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் திரும்பும். இழுத்தேன். லொறி அசைந்தது. வலப்பக்கம் போகவென்று திருப்பினால் இடப்பக்கம் போனது. பதறி மற்றப் பக்கம் திருப்பினேன், இன்னும் மோசம். சுற்றிக்கொண்டு கடல் பக்கம் போகப் பார்த்தது.

"விடும். விரலை விடும்" என்றார் அவர் சேற்றுக்குள்ளிருந்து. லொறி நின்றது. "அது உம்மைப் பாத்து வரேக்கை எல்லாம் மாறித்தான் தெரியும். நீர் அதுக்குள்ளை இருந்து ஓட்டுறதா நினையும். இப்ப உம்மடை இடக்கைப் பக்கம் எது?"

யோசித்தேன். மெல்லத் திருப்பினேன்.

"ஓம், அப்பிடித்தான். அவசரமில்லை. ஆறுதலா."

இடுப்பு வரை சேற்றில் நின்றுகொண்டு அவசரமில்லை என்கிறார்! ஆனால் நான் அவர் சொன்னபடி மெல்ல இழுத்தேன். வேகமான அந்தப் பழைய மோட்டர் இருந்திருந்தால் முதல் இழுவையிலேயே கவிழ்த்திருப்பேன். இது மாட்டுவண்டி மாதிரி, என் பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு வந்தது. பெரிய ரயர்கள் பொருக்கை உடைக்கவில்லை.

அது கரைக்கு வந்ததும், அந்த அண்ணை நூலின் ஒரு நுனியை லொறியின் பின்னால் முடிந்துவிட்டார். திரும்பிப் போகும்போது ஓட்டுவது சுகம், கைப்பக்கம் மாறாது. ஆனால் அதற்குள் லொறி போகிற வழிக்கும் தண்ணீர் வந்துவிட்டது. சில்லு பாதி நனைய, தண்ணீரைச் சிதறிக்கொண்டு போனது. நூல் நீள நீள இழுக்கச் சிரமப்பட்டது. ஒரு இடத்தில் நின்றேவிட்டது. அக்கா வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டா. நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

"எப்பன் பின்னுக்கு எடுத்துப் போட்டுத் திருப்பி விடும்" என்றார் அவர். அப்படியே செய்தேன். நகர்ந்தது. அவர் உடம்பை நீட்டி, கையை நீட்டி, முன் கம்பியைப் பிடித்தார்.

அவர் நூலை இழுக்க, அதில் முடிந்திருந்த கயிறு போனது. கயிற்றோடு, மிதப்பதற்காக மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கான் ஒன்று போனது. கயிற்றை இடுப்பில் கட்டி, கானைக் கட்டிப்பிடித்துக் குப்புறப் படுக்கச் சொன்னார் அண்ணை. மூன்று பேருமாக இழுத்தோம். சேலை, சேறு, ஒன்றும் நினைவில்லை. முதலில் அசையவே இல்லை. பிறகு சுரி ஒரு சத்தத்தோடு விட்டது. செருப்பு இரண்டையும் அதுவே வைத்துக்கொண்டது.

கரைக்கு வந்ததும் அவரை அடிக்கவா கட்டிப்பிடிக்கவா என்று தெரியாமல் நின்றேன். அக்கா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினா. வெறும் தேத்தண்ணி தந்தா. அந்த அண்ணை, லொறி இன்னும் நூலிலேயே இருக்கிறது என்று சொல்லி, மீன் இழுப்பது போல இழுத்து எடுத்தார். சேற்றுக் கட்டியாக வந்தது. தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். விசையை இழுத்தேன். சில்லு சுற்றியது. அதற்குத்தான் நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம், இருந்த பயமெல்லாம் வெளியே வருகிற மாதிரி. போகும் முன் அந்த அக்காவும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தா. என்னைவிட நன்றாக ஓட்டினா.

அவர் பின் இருக்கையில் ஏறினார். ஸ்கூட்டரை நான்தான் ஓட்டி வந்தேன்.

கதையைக் கேட்பவர்கள், அந்த விளையாட்டுச் சாமான்தான் அவரைக் காப்பாற்றியது என்கிறார்கள். அவரைச் சுரிக்குள் கூட்டிப் போனதும் அதுதான் என்று நான் சொல்வேன். அதனால் லொறிக்கு நன்றி சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தம்பதிக்குச் சொல்லத்தான் இருக்கிறது. யேசு பிறந்த நத்தாருக்கு ஒரு தரம், பொங்கலுக்கு ஒரு தரம் என்று போய்வந்துகொண்டிருக்கிறோம்.

ஆனால் என்னைவிட்டுப் போகாதது வேறு. சேற்றுக்குள்ளிருந்து வந்த அவருடைய குரல். பதறாமல், குறை சொல்லாமல், என் கைக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்த குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியே போய் இவர் அந்தப் பொறுமையைத்தான் பழகிக்கொண்டிருந்திருக்கிறார் என்று பிறகு யோசித்தேன். எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. ஒருவருக்குச் சந்தோஷம் தருகிற காரியத்துக்குப் பக்கத்தில் ஒருநாளாவது போய் நிற்கும் வரை, அவரை முழுவதும் தெரியும் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.