பித்தளைக் குமிழில் வைத்த சந்தனம்

என் பூசை அலமாரியில், திருநீற்றுச் சம்புடத்துக்கும் பாராயண நூல்களுக்கும் நடுவே, தீர்ந்துபோன டார்ச்சு பேட்டரி ஒன்று நிற்கிறது. பழைய காலத்துப் பருத்த பேட்டரி. மேல்தாள் வெளுத்து, அடிப்பக்கம் உப்புப் பூத்துக் கசிந்துவிட்டதால் அதைச் சிறு பீங்கான் கிண்ணத்துக்குள் நிறுத்தியிருக்கிறேன். அதன் தலையிலுள்ள பித்தளைக் குமிழைச் சுற்றி மங்கிய மஞ்சள் வளையம் ஒன்று உண்டு. சாமி படங்களுக்கு முன்னால் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அது எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவேன். உண்மையில் சொல்லிக்கொடுத்தவர் நல்லூரம்மா.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில ஆண்டுகள், விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் சிறு கம்பெனி ஒன்றில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். சூளையில் வெந்து வரும் வெள்ளைக் கட்டைகளில் பித்தளைத் தகடுகளை வைத்து, இடையே ஃபியூஸ் இழையைக் கோத்துத் திருகாணி முடுக்குவது பெண்களின் வேலை. அவர்களில் மூத்தவர், நாள்தோறும் நல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோனதால் எல்லோருக்கும் நல்லூரம்மாவானார். ஏறக்குறைய என் வயது. கணவரை இழந்தவர், இரண்டு பெண்களை அந்தக் கூலியில்தான் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். முடுக்கிய கட்டைகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் பொறுப்பு. அதற்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பேட்டரிகள், மேலே ஒரு குட்டி பல்பு, பக்கவாட்டில் நீளும் இரண்டு கம்பிகள். கட்டையின் இரு முனைகளிலும் கம்பிகளை வைத்தால் பல்பு எரிய வேண்டும். எரிந்தால் முத்திரை, எரியாவிட்டால் கட்டை ஓரமாகப் போகும்.

அந்தப் பெட்டி எனக்குத் தீராத வியப்பாக இருந்தது. விடியலில் பெரிய கோயிலில் பதிகம் ஓதிவிட்டு வேலைக்கு வருகிறவன் நான். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உறைகிறவனைப் பாடிப் பழகிய மனம், பேட்டரியையும் அப்படியே பார்த்தது. செம்புக்குள் தீர்த்தம்போல மின்சாரம் அதற்குள் குடியிருக்கிறது, கம்பியைத் தொட்டதும் புறப்பட்டு வருகிறது என்றே நம்பியிருந்தேன். எங்கே ஒளிந்திருக்கிறது, எப்படித் தீர்கிறது என்று கேட்டுப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை.

ஓர் ஆண்டு ஆயுத பூசையன்று கம்பெனியில் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். சூளை வாசலுக்கு, திருகுளிகளுக்கு, தராசுக்கு. சோதனைப் பெட்டிக்கு வைக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஆற்றல் உறையும் இடம் உள்ளேயிருக்க, வெறும் மரத்துக்கு ஏன் பொட்டு? பேட்டரிகளை வெளியே எடுத்துத் தாம்பாளத்தில் நிறுத்தி, நெற்றிக்கு வைப்பதுபோல இரண்டின் குமிழிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். மறுநாள் விடுமுறை. அதற்கடுத்த நாள் காலை பேட்டரிகளைப் பக்தியோடு பெட்டிக்குள் வைத்து மூடினேன். சந்தனம் காய்ந்து ஓடுபோல இறுகியிருந்தது. அதைப் பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அன்று மாலை வேப்பூர் வழியாகச் சென்னைக்கு லாரி போக வேண்டும். நல்லூரம்மா முடுக்கி அடுக்கிய கட்டைகளை எடுத்துச் சோதிக்கத் தொடங்கினேன். முதல் கட்டைக்குப் பல்பு எரியவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. ஒரு தட்டு முழுவதும் ஓரத்துக்குப் போயிற்று. பேக்கிங் பெண்ணொருத்தி, "பூசைப் பொரியத் தின்னுட்டு அக்காவுக்குக் கையில வலு இல்லாம போச்சு போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அதைவிடக் கொடிய ஒன்றைச் செய்தேன். முதலாளி வந்து கேட்டபோது, "முடுக்கினது சரியில்லை" என்றேன்.

முதலாளிக்கு லாரிக் கவலை. "ஏம்மா, இத்தினி வருசம் வேலை செஞ்சு இதுதானா? சாயங்காலம் கணக்கை முடிச்சுக்க. நாளையிலேருந்து வர வேணாம்."

நல்லூரம்மா அழவில்லை. திருகுளியை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், நான் முடுக்கினது எங்கையிக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை அந்த ரெண்டு கம்பியையும் ஒண்ணோட ஒண்ணு தொட வைங்க. நடுவுல எம் பீஸு வேணாம்."

தொட வைத்தேன். பல்பு இருண்டே இருந்தது.

"இப்ப யாரு சார் சரியா முடுக்கல?"

அவர் தொடர்ந்தார்: "அரிசி குறையுதுன்னா, அளக்குற படி ஓட்டையான்னுதான மொதல்ல பாக்கணும்? வூட்டுல நாங்க அப்படித்தான் பாப்போம்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "பேட்டரி தீந்துருக்கும். புதுசு வாங்கிப் போடச் சொல்லுங்க."

பேட்டரி என்றதும்தான் குமிழில் அப்பிய சந்தனம் எனக்கு உறைத்தது; அந்த ஒரு சொல்லில் தப்பிக்க வழியும் திறந்துகிடந்தது. புதிய பேட்டரிகளைப் போட்டால் பல்பு எரியும். நான் செய்தது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அதற்குள் நல்லூரம்மா பெட்டியைத் திறந்துவிட்டார். இரண்டு குமிழ்களிலும் இரண்டு பொட்டுகள். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு பேட்டரியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் பொட்டைச் சுரண்டிவிட்டு, மறுபடி உள்ளே வைத்துக் கம்பிகளைத் தொட வைத்தார். எரியவில்லை.

"என்னம்மா அது?" என்றார் முதலாளி.

"அழுக்கு சார். ஒண்ணுல எடுத்துட்டேன், இன்னொண்ணுலயும் இருக்குது. ஒரு எடத்துல வழி அடைச்சாலும் மொத்தமும் நின்னுடும்."

வேலையே போகும் நிலையிலும் அந்த அம்மாள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாமிக்கு வைத்த சந்தனத்தை, எனக்காக, அழுக்கு என்றார். அந்தச் சொல் என் நெற்றியில் சுட்டது. இரண்டாவது பேட்டரியை நானே எடுத்தேன். "அழுக்கில்லை முதலாளி. நான் வைத்த சந்தனம். இந்த அம்மா மேல தப்பில்லை, தப்பு என்னுடையது" என்று சொல்லிக்கொண்டே என் நகத்தால் சுரண்டிவிட்டு உள்ளே வைத்தேன். பல்பு எரிந்தது.

முதலாளி, "பேட்டரிக்கே பொட்டு வெச்ச ஆளை இப்பத்தான்யா பாக்கறேன்" என்று சொல்லிப் போனார். நல்லூரம்மாவை நிறுத்தும் பேச்சு அத்தோடு போயிற்று; வருத்தம் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஓரம் கட்டிய தட்டை மறுபடி சோதித்தோம். ஒன்றுகூடத் தவறாமல் எரிந்தது. நான் கைகூப்பியபோது நல்லூரம்மா, "சாமிக்குப் பொட்டு வெச்சீங்க, சரி. வெளிய வெச்சிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுத் திருகுளியை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் என் கேள்விகளுக்கு விடை தேடினேன். மகளின் அறிவியல் பாடநூலை வாங்கிப் படித்தேன். ஒருநாள் டீ நேரத்தில் தீர்ந்த பேட்டரி ஒன்றை நல்லூரம்மாவும் நானும் குறடால் பிளந்து பார்த்தோம். நடுவே கரிக்கோல், சுற்றிலும் கறுப்புச் சாந்து, அதைச் சூழ்ந்த துத்தநாகத் தகடு அங்கங்கே அரித்து ஓட்டை விழுந்திருந்தது. "உள்ள ஒண்ணையும் காணமே சார்" என்றார் அவர். நான் படித்ததைச் சொன்னேன். மின்சாரம் உள்ளே அடைத்துவைக்கப்பட்டிருக்கவில்லை. துத்தநாகம் சிறுகச் சிறுகத் தன்னைக் கரைத்து எலக்ட்ரான்களை விடுகிறது. அவற்றுக்குச் சாந்தின் ஊடே போக வழியில்லை. வெளியே கம்பியில் இறங்கி, பல்பைக் கடந்து, கரிக்கோலுக்குத் திரும்பினால்தான் உண்டு. அந்தச் சுற்று எங்கே அறுந்தாலும் பல்பு அணைந்துவிடும். "அப்ப போறது மட்டும் இல்ல, திரும்பி வரவும் வழி வேணும்" என்று அவர் சொல்லி முடித்தபோது, ஓட்டை விழுந்த அந்தத் தகட்டை நான் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். ஆற்றல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது என்றே எண்ணியிருந்தவன், அது ஒன்று கரைந்து இன்னொன்றைச் சேர்வதில் பிறக்கிறது என்பதை அறிந்தேன். மறுநாள் விடியலில் ஓதும்போது, பல ஆண்டுகளாகப் பாடிவந்த அடிகளே வேறொரு பொருளில் கேட்டன.

காய்ந்த சந்தனமும் எங்கள் பீங்கானும் இந்த ஒன்றில் உறவு: இரண்டும் மின்சாரத்தை விடா. தடுப்பது ஃபியூஸ் கட்டையில் நன்மை, குமிழில் கேடு. அன்றுமுதல் கட்டையைத் தொடுமுன் வெறும் கம்பிகளைத் தொட வைத்துப் பார்ப்பது எங்கள் கம்பெனியின் வழக்கமாயிற்று. ஆயுத பூசைப் பொட்டைப் பெட்டியின் மூடிமேல் நல்லூரம்மாதான் வைப்பார்; வைக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அவர் பெண்கள் இருவரும் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அவர் நின்றுகொண்டார். சில ஆண்டுகளுக்கு முன் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறும்போது என்னை அடையாளம் கண்டு, "சார், பொட்டு வெளியதான வெக்கிறீங்க?" என்று படியிலிருந்தே குரல் கொடுத்தார். பஸ் நகர்ந்துவிட்டது, நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இப்போது சோதனைக்கு ஒலி எழுப்பும் மீட்டர்கள் வந்துவிட்டன என்கிறார்கள். எனக்கு எழுபது கடந்துவிட்டது. பிறரிடம் குறை காணும் வேகம் மட்டும் குறையவில்லை. போன வாரம்கூட மருமகளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, அலமாரிப் பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டேன். காலையில் சந்தனம் குழைத்ததும் அந்தப் பேட்டரிக்கும் ஒரு பொட்டு வைப்பேன், பீங்கான் கிண்ணத்தின் வெளிப்புறத்தில். குமிழைத் தொடுவதில்லை.