அக்னி நட்சத்திரத்தில் ஒரு ஹீட்டர்

அக்னி நட்சத்திரம். மதுரை. தல்லாகுளம். இந்த மூன்றும் ஒன்று சேர்ந்த நேரத்தில், அறையைச் சாத்திக் கொண்டு உள்ளே ஹீட்டர் போட்டவர்கள் உங்களில் யாராவது உண்டா?

எங்கள் வீட்டில் போன மாதம் போட்டோம். சிரிக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் புத்தி தெளிவோடுதான் இருந்தோம். அதுதான் இதில் வருத்தமான விஷயமே.

விஷயம் என் ஒரே மகள் வசந்தியிலிருந்து ஆரம்பிக்கிறது. அவளை ராஜஸ்தானில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் நம் ஆட்கள்தான். சமயநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா காலத்திலேயே வேலைக்காகப் போய் அங்கேயே தங்கி விட்டார்கள். மலையை ஒட்டி, மேட்டில் இருக்கும் பாலைவன ஊர். பகலில் வறுத்து எடுக்கும். பொழுது சாய்ந்தால் கம்பளி கேட்கும். மார்கழி, தை என்றால் பல் தந்தியடிக்கும்.

வசந்தி உண்டானாள். தலைப்பிரசவம் என்றால் தாய் வீடு. இதில் பேச என்ன இருக்கிறது? பேச இருந்தது... பக்கத்து வீட்டு வக்கீல் வீட்டு போனில்.

எங்கள் தெருவில் போன் இருப்பது அவர் வீட்டில் மட்டும்தான். சம்பந்தியம்மாவிடமிருந்து டிரங்க் கால் என்று அவர் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கூப்பிட்டார். ஓடினேன்.

"சம்பந்தி, பிள்ளய அனுப்புறதுல எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா மதுர வெயில நெனச்சாத்தான் பகீர்ங்குது. இங்க நம்ம வீட்ல ஹாட் அண்ட் கோல்ட் மிஷின் இருக்கு. வெயிலுக்குக் குளுரும், பனிக்குச் சூடும் அதுலயே வரும். உங்க மக அதுலயே இருந்து பழகிருச்சு. அங்க அது இல்லேன்னா சொல்லிருங்க, பிரசவத்த இங்கயே வச்சுக்கிருவோம்."

"வாங்கிட்டாப் போச்சு, சம்பந்தி" என்றேன். நானா சொன்னேன்? பெண்ணைப் பெற்றவனின் வாய் அப்படித்தான். அது யாரையும் கேட்காமல் தானாகப் பேசும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இங்கயே வச்சுக்கிருவோம்னு சொன்னாகளா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, "அவ அங்க யாரு முகத்தப் பாத்துக்கிட்டு வலி எடுப்பா?" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. மிஷின் வாங்கியே ஆக வேண்டும்.

ஆனால் தெரு யோசித்தது. தல்லாகுளத்தில் ஒருவன் ஒரு பொருள் வாங்கப் போகிறான் என்று தெரிந்தால், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் அத்தனை பேரும் நிபுணர்கள் ஆகி விடுவார்கள். வக்கீல் முதல் ஆளாக வந்தார். "கூலர் வாங்குங்க சார். தண்ணிய ஊத்துனா ஜிலுஜிலுன்னு காத்து வரும்" என்றார். நல்ல யோசனைதான். குழாயில் குடிக்கவே தண்ணீர் முறை வைத்து வருகிற ஊரில், ஒரு பெட்டிக்கு வேளாவேளைக்குக் குடம் குடமாகக் கொட்டினால் அடுத்த வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? முதலில் வக்கீல் என்ன நினைப்பார்?

கடைக்குப் போனேன். டவுனில் பெரிய கடை. டை கட்டிய பையன் ஒருவர் அழகாக விளக்கினார்.

"கோல்ட் மட்டும் போதும் சார். மதுரைக்கு அதுதான் மூவிங்."

"ஹாட் அண்ட் கோல்ட் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊட்டியில வீடா சார்?"

"தல்லாகுளத்துல."

அவர் உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தார். மேனேஜரும் என்னைப் பார்த்தார். மதுரையில் வந்து சூடு விலைக்குக் கேட்ட முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. மெட்ராஸிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், நாளாகும், விலையும் கூட என்றார்கள். ஆகட்டும் என்றேன். ஒரு டன்னா, ஒன்றரை டன்னா என்றார்கள். கூட வந்திருந்த என் மனைவி, "அம்புட்டு வெயிட்ட நம்ம சுவரு தாங்குமா?" என்று என் காதைக் கடித்தாள். டன் என்பது எடையில்லை, குளிர்விக்கும் திறன் என்று பையன் சொன்னார். சுவர் தாங்கும் என்று தெரிந்தது. நான் தாங்குவேனா என்று அந்தக் கடையில் யாரும் கேட்கவில்லை. பி.எஃப். லோன் போட்டேன். அந்தப் பேச்சை இதோடு விடுங்கள்.

பெட்டி வந்து சேர்ந்தது. மாட்டுவதற்கு ஒத்தக்கடையிலிருந்து ஜெயராஜ் என்ற மெக்கானிக் வந்தார். வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக் கொண்டார். மூடியபடியே, "நான் பாக்காத மிஷினா அண்ணே" என்றார். அவர் பார்க்காத மிஷின் இது ஒன்றுதான் என்பது பிறகு தெரிந்தது.

எந்தச் சுவரில் மாட்டுவது? தெருப் பக்கச் சுவரில் மாட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்பது என் எண்ணம். அது மேற்கு, சாயங்கால வெயில் நேரே மிஷின் மேல் விழும், வேண்டாம் என்றார் ஜெயராஜ். கடைசியில் வக்கீல் வீட்டைப் பார்த்த சுவரில் ஓட்டை விழுந்தது. மிஷினின் பின்புறம் வக்கீலின் ஹால் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றது. ஓட விட்டதும் அனல் காற்று அந்த ஜன்னலுக்குள் புகுந்தது. வக்கீல் வெளியே ஓடி வந்தார்.

"சார், உங்க வீட்டுச் சூடு உங்க காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கணும். எங்க வீட்டுக்கு அனுப்ப உங்களுக்கு ரைட் கிடையாது!"

ஜெயராஜ்தான் சமாதானம் செய்தார். "சார், மிஷின் குளுர உண்டாக்காது. இங்க உள்ள சூட்ட அள்ளி அந்தாண்ட தள்ளி விடும், அம்புட்டுத்தேன். ஹாட்டுல போட்டா அப்படியே உல்ட்டா. அந்தாண்ட உள்ள சூட்ட அள்ளி இந்தாண்ட தள்ளும்." வக்கீல் முறைத்துக் கொண்டே போய் ஜன்னலைச் சாத்திக் கொண்டார்.

ஜெயராஜ் இன்னொரு உபகாரமும் செய்தார். குறிப்பிட்ட அளவு குளிர்ந்ததும் மிஷின் தானே நின்று, பிறகு தானே ஓட வேண்டும். அதற்கென்று உள்ளே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. "சும்மா சும்மா நிக்கிதுண்ணே. அதான் அந்த ஒயரச் சேத்துக் கட்டிட்டேன். இனி நிக்கவே நிக்காது" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். வாங்கிய பொருள் ஓடிக் கொண்டே இருந்தால்தானே நமக்குத் திருப்தி?

சம்பந்தியம்மா வசந்தியை அழைத்துக் கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். என் மனைவி மகளைக் கட்டிக் கொண்டாள். நான் மகளை அறைக்குள் அழைத்துப் போய் மிஷினைக் காட்டினேன். "நீயே போடும்மா. உனக்குத்தேன் பழக்கமாச்சே."

வசந்தி குமிழ்களைப் பார்த்தாள். கை நீட்டினாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். சம்பந்தியம்மா முன்னால் வந்து டக்கென்று திருகி, "வந்த அலுப்பு அவளுக்கு" என்றார். அலுப்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

சில வாரங்களில் பேத்தி பிறந்தாள். சுகப் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் ஊரே எதிர்பார்க்காத கோடை மழை பிடித்துக் கொண்டது. கத்திரி வெயிலில் மழை என்றால் மதுரைக்காரன் சட்டையைக் கழற்றிக் கொண்டு மொட்டை மாடிக்கு ஓட மாட்டானா? நானும் பாதிப் படி ஏறியிருந்தேன். அப்போதுதான் கீழேயிருந்து சம்பந்தியம்மாவின் குரல்.

"வெளிய ஈரக் காத்து, உள்ள மிஷினு. பச்ச ஒடம்புக்காரிக்கு ஜன்னி கண்டுறும் சம்பந்தி. ஜன்னலச் சாத்திட்டு மிஷின ஹாட்டுல போடுங்க. அதுக்குத்தான வாங்குனது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். நம் வீட்டில், நம் பணத்தில், நம் சுவரில் ஓட்டை போட்டு மாட்டிய மிஷின். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று சம்பந்தி வீடு சொல்கிறது, நாம் திருப்புகிறோம். பெண்ணைக் கொடுத்த வீடுகளில் எல்லாக் குமிழ்களும் இப்படித்தானே திரும்புகின்றன?

திருப்பினேன்.

ஜெயராஜ் ஒயரைச் சேர்த்துக் கட்டியிருந்தார் அல்லவா? அது நிற்கவேயில்லை. மழை நின்றது. வெயிலில் காய்ந்த சுவர்கள் எல்லாம் உள்ளே மிச்சமிருந்த சூட்டைக் கக்கின. மிஷின் தன் பங்குக்கு மேலும் சூட்டை வாரி வாரிக் கொட்டியது. சம்பந்தியம்மா எங்கே இருந்தார் என்கிறீர்கள்? ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே. "கதவத் தெறக்காதீக, காத்து போயிரும்" என்று அங்கிருந்தபடியே கவனித்துக் கொண்டிருந்தார்.

நான் நிலை கொள்ளாமல் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தேன். அப்போது வக்கீல் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், ரொம்ப தேங்க்ஸ். இன்னிக்கு என்ன செஞ்சீங்க? எங்க ஹால் கொடைக்கானலா இருக்கு. ஈஸி சேர ஜன்னல் பக்கத்துல போட்டுட்டோம்."

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஜெயராஜ் சொன்ன உல்ட்டா. உள்ளே சூடு தள்ளினால் வெளியே குளிர் போக வேண்டும். என் மகள் அடைத்த அறையில் வேக, என் பி.எஃப். பணத்தில் வக்கீல் குடும்பம் குளிர் காய்கிறது!

உள்ளே ஓடிக் கதவைத் திறந்தேன். முகத்தில் அறைந்த சூடு இப்போதும் நினைவிருக்கிறது. வசந்தி வேர்வையில் நனைந்து போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள். குழந்தை முகம் சிவந்து வீரிட்டது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. வசந்தி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பொறுத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொறுத்துக் கொள்வதில் அவளுக்கு இருந்த அந்தப் பழக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது.

நான் சண்டை போட்டேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? நான் அவ்வளவு வீரன் இல்லை. நேரே போய் மிஷினுக்கென்று தனியாகப் போட்ட லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக் கொண்டேன். "ஃபியூஸ் போயிருச்சு சம்பந்தி. ஆள் வரணும்" என்றேன். ஜன்னல்களைத் திறந்து விட்டேன்.

"உங்க ஊரு கரண்டே இப்படித்தேன்" என்றார் சம்பந்தியம்மா. மறுநாள் காலையில் சமயநல்லூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். அங்கிருந்தே ராஜஸ்தானுக்கு ரயிலேறினார்.

அவர் பஸ் ஏறிய கையோடு வசந்தி கேட்டாள். "ஃபியூஸ் கட்ட உங்க சட்டப் பைலதான இருக்கு?"

மாட்டிக் கொண்டேன். சிரித்தேன். அவளும் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். "மாட்டுங்கப்பா. கோல்டுல போட்டுப் பாப்போம்" என்றாள். மாட்டினேன். அவள் மிஷின் முன்னால் போய் நின்றாள்.

"இதுல எந்தக் குமிழ்ப்பா கோல்டு?"

"உங்க வீட்லயும் இதே மிஷின்தானம்மா?"

"அது மாமா ரூம்ல இருக்குப்பா. அவுக சாப்பிட்ட தட்ட எடுக்க உள்ள போவேன். அம்புட்டு நேரந்தான். என் ரூம்பு அதுக்குப் பின்பக்கம்."

மிஷினுக்குப் பின்பக்கம் என்றால் என்ன என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். கோடையில் அங்கே வருவது அனல். பனிக்காலத்தில் அங்கே வருவது குளிர். முன்பக்கம் இருப்பவர்களுக்கு அது ஒருபோதும் தெரியாது.

அழுகை வந்தது எனக்கு. மறைக்கவில்லை. கோல்ட் பக்கம் நானே திருப்பினேன். அவளும் குழந்தையும் அயர்ந்து தூங்கினார்கள். வக்கீல் அனலில் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவரிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டுக் கொள்ளலாம் என்று விட்டு விட்டேன்.

கேட்டேன். முந்தாநாள், டிரங்க் கால் புக் செய்ய அவர் வீட்டுக்கே போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை புக் செய்தது நான். கனெக்ஷன் கிடைத்ததும் சம்பந்தியம்மா கேட்ட முதல் கேள்வி:

"பேத்தியவும் மருமகளவும் எப்ப அனுப்பி வைக்கிறீக?"

"அனுப்புறேன் சம்பந்தி. நானே கூட்டிட்டு வாரேன். அதுக்கு முந்தி ஒரு காரியம். உங்க வீட்டுக்காரர் ரூம்ல இருக்கிற மிஷினக் கழட்டி எங்க மக ரூம்ல மாட்டுங்க. மாட்டுனதும் ஒரு போன் போடுங்க, கிளம்பிருவோம்."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் செத்து விட்டதோ என்று நினைத்தேன். இல்லை, மூச்சு கேட்டது. பின்னால் ஈஸி சேரில் வக்கீல் பேப்பரை மடித்து வைத்து விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆபரேட்டர் அம்மா குறுக்கே வந்தார். "மூணு நிமிஷம் ஆச்சு சார். எக்ஸ்டென்ட் பண்ணவா?"

"பண்ணுங்கம்மா" என்றேன். "அவங்க யோசிக்கட்டும்."