தட்டிப் பார்த்து வாங்கிய லேப்டாப்

குடும்பம் நடத்துவதும் ஒரு தொழில்தான். சம்பளமும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, ஆனால் வாங்கிய சாமான் பல்லிளித்தால் மட்டும் முழுப் பொறுப்பும் நம் தலையில். மிக்ஸி, கிரைண்டர் வாங்கித் தேறிய சகோதரிகளே, லேப்டாப் வாங்கப் போனால் என்ன பாடு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரு முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது.

கரண்ட்டோடு போனது

எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. என் வீட்டுக்காரர் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். அவர் சட்டையோடு வீட்டுக்குள் வரும் வெள்ளை மண்ணையெல்லாம் அந்தப் பெட்டி உள்ளே இழுத்துக்கொண்டு, இழுப்பு வந்த ஆள் மாதிரி இரைந்துகொண்டிருக்கும். கடலூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்த என் மகள் ரேவதி அதில்தான் புராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடக் கூப்பிடவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அரை நாள் வேலை மொத்தமும் போச்சு. கரண்ட் திரும்பி வந்தது, பெட்டி திரும்பி வரவில்லை. புராஜெக்ட்டை நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் படித்த வருஷமே வீண். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: "சோத்த அப்புறம் போடும்மா. மொதல்ல கரண்ட்டு போனாலும் சாவாத ஒன்னு வாங்கிக் குடு."

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு யோசனை

விஷயம் எப்படியோ ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் என் நாத்தனார் காதுக்குப் போய்விட்டது. உடனே போன். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு அண்ணி இம்மாஞ்செலவு? நாளைக்குக் கட்டிக்கப் போறவரு வாங்கித் தர மாட்டாரா?"

"தாராளமா வாங்கித் தரட்டும். அவரு வர்ற வரைக்கும் பரீட்சையத் தள்ளி வைக்கச் சொல்லி யூனிவர்சிட்டிக்கு நீயே ஒரு கடுதாசி எழுதிப் போட்டுடு" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு: "கான்வென்ட்டுல படிச்சவங்ககிட்ட வாயக் குடுத்தது என் தப்பு அண்ணி, போன வச்சிடறேன்."

சத்தம் சரியில்லை

முதல் கடைக்கு நாங்கள் மூவரும் போனோம். விற்பனைக்கு நின்ற இளைஞர் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசினார். நானும் ரேவதியும் கூட வந்த பைகள் மாதிரி நின்றோம். "பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டேன். "இதுல கேமரா இருக்குதுங்க மேடம்" என்றார். மறுபடி கேட்டேன். "கேம்ஸ் சூப்பரா ஓடும்" என்றார். "கரண்ட் இல்லாத வூட்டுல கேமராவ வச்சிக்கிட்டு நான் யாரைப் படம் புடிக்கிறது?" என்றதும்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கலரும் நிறைய இருக்குதுங்க மேடம்" என்றார்.

இதற்குள் என் வீட்டுக்காரர் வேலையை ஆரம்பித்துவிட்டார். அவர் யூனிட்டில் சூளையிலிருந்து இறங்கும் சாமானை விரல் முட்டியால் தட்டிக் காதில் வாங்கிய பிறகுதான் அடுக்குவார்கள். கணீரென்றால் நல்ல சாமான், பொத்தென்றால் உள்ளே விரிசல். இந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டுத் தேங்காய், டம்ளர், பாத்ரூம் வாளி எதுவும் தட்டு வாங்காமல் தப்பியதில்லை. வரிசையாக இருந்த லேப்டாப்புகளின் மூடியில் காதை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தவர், விலை அதிகமான ஒன்றின் முன்னால் நின்று, "இது பொத்துனு கேக்குது. உள்ள கோளாறு" என்று இன்னொரு தட்டு தட்டினார். இளைஞர் பாய்ந்து வந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டார்: "சார், வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, அடிக்காதீங்க சார்!"

கரண்ட் போகும் நேரம்

கேட்டால் பதில் வராது என்று தெரிந்துவிட்டது. கடைவீதியில் எப்போது கரண்ட் போகும் என்று விசாரித்துக்கொண்டு, அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் வேறொரு கடைக்குப் போனோம். சொல்லி வைத்தாற்போல் கரண்ட் போனது. கடைக்காரர் ஜெனரேட்டரைப் போட்டு, இரண்டு லேப்டாப்பை எங்கள் முன்னால் எடுத்துவைத்துவிட்டு, "ஒக்காருங்கம்மா, நம்மகிட்ட எல்லாம் இருக்குது" என்றார். "உங்ககிட்ட இருக்குது, என் வூட்டுல இல்ல. ரெண்டுலயும் ஒயரப் புடுங்குங்க" என்றேன்.

ஒன்று சிவப்பு, பளபளவென்று கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி. இன்னொன்று கறுப்பு, செங்கல் கனம், விலையும் குறைவு. ரேவதி இரண்டிலும் மாறி மாறி டைப் அடித்தாள். சிவப்பு கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடியது. கறுப்பு, கரண்ட் வந்து ஜெனரேட்டரை நிறுத்திய பிறகும் முழித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதையும் ஒரு தட்டு தட்டி "தேவலாம்" என்றார். நான் காதில் வாங்கவில்லை. "அதான் கரண்ட்டு வந்துடுச்சேம்மா" என்றார் கடைக்காரர். "இருக்கட்டும். இது எப்ப அணையுதுன்னு பாத்துட்டுத்தான் எழுந்திரிப்பேன்" என்றேன். அவர் என் வீட்டுக்காரரிடம் போய்க் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "சார், வெலையில இன்னும் கொஞ்சம் கொறச்சிக்கிறேன், வூட்டம்மாவ எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க."

பஸ்ஸில் போன பார்சல்

அதன் பிறகு கரண்ட் போன நேரமெல்லாம் எங்கள் வீட்டில் அந்தச் செங்கல்தான் வெளிச்சம். ரேவதி வேலை முடிந்த பிறகுதான் அப்பாவின் பில், அதற்கப்புறம் என் தம்பிக்கு மெயில் என்று சட்டம் போட்டேன். யாரும் மீறவில்லை. புராஜெக்ட் முடிந்தது. அதைக் காலேஜில் போட்டுக் காட்டும் நாளும் வந்தது.

அன்று காலையில் ஹாலுக்கு வந்தால், லேப்டாப்பைக் காணோம். அட்டைப் பெட்டி ஒன்று நிறைய வைக்கோல் அடைத்து, கயிறு கட்டி, சென்னைக்கு லோடு அனுப்பத் தயாரானது போல உட்கார்ந்திருந்தது. "துணிப்பையில போனா பஸ்ஸுல நசுங்கிடும்" என்றார் என் வீட்டுக்காரர். "ஏங்க, அது என்ன பீங்கான் பொம்மையா?" என்று கத்தினேன். ரேவதிக்குக் கண்ணில் தண்ணீர். பிரிக்க நேரமில்லை, பஸ் போய்விடும். பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வடலூர் தாண்டி டிரைவர் ஒரு பிரேக் போட்டாராம். மேல் தட்டிலிருந்து பெட்டி கீழே வந்தது. அதன் மேலேயே, பக்கத்தில் யாரோ வைத்திருந்த முழுப் பலாப்பழமும் வந்தது. பெட்டி ஒரு பக்கம் அப்பளமாகிவிட்டது. காலேஜ் மேஜையில் வைக்கோலை உதறி வெளியே எடுத்தால், செங்கல் ஒன்றும் நடக்காதது போல் கண் திறந்தது. மார்க் போட வந்திருந்தவர்கள் வைக்கோலைப் பார்த்துச் சிரித்து, புராஜெக்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பேட்டரி பேட்டரி என்று உயிரை விட்டேனே, அன்று பார்த்துக் காலேஜில் கரண்ட் போகவே இல்லை.

சாயங்காலம் ரேவதி எல்லாம் சொல்லி முடித்தாள். என் வீட்டுக்காரர் அவசரப்படாமல் லேப்டாப்பை மடியில் எடுத்துவைத்து, காதைச் சாய்த்து, முட்டியால் ஒரு தட்டு தட்டினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "விரிசல் இல்ல. காலைல என்னமோ பொம்மைன்னு கேட்டியே, இப்ப சொல்லு."

ஆகவே சகோதரிகளே, லேப்டாப்பைப் பேட்டரி பார்த்து நீங்களே வாங்குங்கள், ஆனால் பஸ் ஏற்றும் நாளில் வீட்டுக்காரர் வைக்கோலோடு வந்து நின்றால் வாயை மூடிக்கொண்டு கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.