அளத்தில் ஓடிய ஐஸ் படகு

அன்று உப்பளத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்.

இளவழகன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அந்த வேலை போய், ஊர் திரும்பியவன். முபாரக். அதிராம்பட்டினம் அப்துல் வஹாபின் இளைய மகன், டிப்ளமோ படித்துவிட்டுத் துபாய் விசாவுக்குக் காத்திருந்தவன். துரைராசு. உப்பளக் காவல்காரர்.

நான்காவதாக ஒருவர் இருந்தாரா என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். வேறு எதிலும் அவர்களுக்குள் மாறுபாடு கிடையாது. இது நடந்தது. 2003ஆம் வருடம், மே மாதம், பட்டப்பகலில். பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஃபாஜிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முபாரக்கின் அண்ணன். இளவழகனோடு தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்தவன். இரண்டு பேரும் ஒரே கம்பெனி மூலமாக அமெரிக்கா போனார்கள். விஸ்கான்சினில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். குளிர்காலத்தில் அந்த ஊர் ஏரி உறைந்துவிடும். அதன்மேல் பாய் கட்டிய படகு ஓட்டுகிற ஆட்கள் அங்கே உண்டு. தண்ணீரில் போகிற படகு இல்லை. ஒரு ஆள் மல்லாந்து படுக்கிற அளவுக்கு ஒல்லியான மரக்கூடு. குறுக்கே ஒரு பலகை. அடியில் மூன்று எஃகுக் கத்திகள். காற்று பிடித்தால் காரை முந்தும்.

ஃபாஜிலுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கார் நிறுத்துகிற கொட்டகையில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பலகை அறுத்தான், பசை பூசினான், கத்தி தீட்டினான். இளவழகன் கூடவே நின்று விளக்குப் பிடித்தான். அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்று, கறுப்பாகத் தெரிகிற ஐஸ் கெட்டி, வெள்ளையாகத் தெரிகிற ஐஸ் சொத்தை. இரண்டு, யாராவது விழுந்துவிட்டால் நின்றுகொண்டு போகாதே, படுத்துத் தவழ்ந்து போ.

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஆனால் இரண்டு பேரும் அளத்து ஊர்க்காரர்கள். இளவழகனின் அப்பா வைரக்கண்ணு உப்புச் சுமந்தவர். நம் ஊரில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தால் தரை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். கறுத்துத் தெரிந்தால் அது உளை. ஆளை இடுப்பு வரை இழுக்கிற சேறு. இது பாடமாகக் கற்றதில்லை. நடக்கப் பழகியபோதே காலில் ஏறியது.

2001 பிப்ரவரியில் ஒரு நாள் ஏரியில் மூடுபனி. ஃபாஜில் தூரத்திலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தான். அவனுக்கு நேர் எதிரே கன்னங்கரேல் என்று ஒரு பரப்பு. கரையில் நின்ற இளவழகனுக்கு அது உளையாகத் தெரிந்தது. யோசிக்கவில்லை. கத்தினான்.

"டேய் ஃபாஜில், வெள்ளையில வா!"

ஃபாஜிலும் யோசிக்கவில்லை. உடனே திருப்பினான்.

வெள்ளை ஐஸ் உடைந்தது. கை இரண்டு முறை மேலே வந்தது. இளவழகன் ஐஸ் விளிம்பில் நின்றான். படுக்கவில்லை. நின்றான்.

காற்று படகைத் திருப்பிவிட்டது என்று போலீசிடம் சொன்னான். ஃபாஜிலின் அம்மா கமருன்னிஸாவிடமும் அதையே சொன்னான். உடலை அங்கேயே அடக்கம் செய்தார்கள். படகில் மிஞ்சியது பாய் மட்டும். அதை மடித்துப் பெட்டியில் வைத்து அந்த வீட்டில் ஒப்படைத்தான். அதன் பிறகு எப்போது போனாலும் கமருன்னிஸா ஒரே கேள்வியைக் கேட்பார்.

"கடைசியா எதுவும் பேசுனீங்களா தம்பி?"

"இல்லம்மா. காத்து சத்தம். ஒண்ணும் கேக்கல."

இப்படியே இரண்டு வருடம்.

அந்தப் பாயைப் பார்த்துத்தான் முபாரக்குக்கு ஆசை வந்தது. ஃபாஜில் அனுப்பிய போட்டோக்களை வைத்துக்கொண்டு கொல்லையில் ஒரு கூடு செய்தான். கத்திக்குப் பதில் மூன்று சக்கரம். முதலில் சைக்கிள் சக்கரம் போட்டான், கோணிக்கொண்டது. பழைய மொபெட் சக்கரம் வாங்கி மாட்டினான்.

"ஐஸு இல்லன்னா என்னண்ணே, அளம் இருக்குல்ல. அவனுங்க ஐஸு வெயில் பட்டா உருகிப்போவும். நம்ம ஐஸு வெயில்லதான் இறுகும்."

இளவழகன் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. பேசாமல் ஸ்பேனரை எடுத்தான். கிளம்புகிற அன்று கமருன்னிஸா வாசலுக்கு வந்தார்.

"நீ பக்கத்துல இருக்க. எனக்குப் பயமில்ல தம்பி."

அளத்தைத் தாண்டினால் கடல் பக்கம் பெரிய வெட்டவெளி. கோடையில் தண்ணீர் வற்றி, கண்ணுக்கு எட்டிய வரை உப்புப் பூத்துக் கிடக்கும். அதன் கடைசியில் கறுப்பாக ஒரு கோடு. உளை அங்கே ஆரம்பிக்கிறது.

துரைராசு வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"மாடும் இல்ல, இன்ஜினும் இல்ல. இதுல ஏறி துபாய்க்கே போயிரலாம் போல."

"விசா வரலன்னா அதான் ஐடியா" என்றான் முபாரக்.

"போ போ. வெள்ளையா இருக்குற வரைக்கும் நீதான் ராஜா. கறுத்துச்சுன்னா திரும்பிடு. அம்புட்டுதான்."

பெட்டியைத் திறந்து பாயை விரித்தார்கள். இளவழகன் கை சட்டென்று நின்றது.

பாய் ஈரமாக இருந்தது.

மே மாத வெயில். இரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்த துணி. உதறியபோது அவன் உதட்டில் ஒரு சொட்டு தெறித்தது. நாக்கால் தொட்டான். உப்புக் கரிக்கவில்லை. அந்த இடத்தில் கரிக்காத தண்ணீர் கிடையாது. ஜில்லென்று இருந்தது.

"கொல்லையில வெச்சிருந்தேன், பனி இறங்கியிருக்கும்" என்றான் முபாரக்.

முதல் ஓட்டம் இளவழகன் ஓட்டினான். காற்று நன்றாகப் பிடித்தது. உப்புப் பொருக்கு சக்கரத்தில் நொறுங்கி, கரகரவென்று சத்தம். பாதி தூரம் போனதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

அதற்குப் பதில் வேறு சத்தம்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

மெல்லிசாக. நீளமாக. எஃகு ஐஸைக் கீறுகிற சத்தம். இரண்டு வருடமாக அவன் தூக்கத்தில் கேட்கிற சத்தம்.

கயிற்றைத் தளர்த்தி, வண்டியைத் திருப்பி, கரைக்கு வந்து இறங்கினான். துரைராசு தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எத்தன வண்டி ஓட்டுனீங்க?"

"ஒண்ணுதான்."

சக்கரம் போன தடம் மூன்று. பட்டையாக. அதை ஒட்டியே இன்னும் மூன்று கோடுகள். மெல்லிசாக, ஆழமாக. கத்தியால் கீறியது போல...

"போதும் முபாரக். வீட்டுக்குப் போலாம்."

"என்னண்ணே, நீங்க ஓட்டிட்டு என்னைய போதும்ங்கிறீங்க? நல்லாருக்கு உங்க நியாயம்."

ஏறிப் படுத்துவிட்டான். கயிற்றை இழுத்துவிட்டான்.

மணி மூன்றே முக்கால்.

வண்டி பறந்தது. வெயிலில் தரை முழுக்கக் கானல். வெட்டவெளி வெளுத்து, பளபளத்து, அசல் ஏரி மாதிரியே கிடந்தது. முபாரக் ஒரு வட்டம் அடித்தான். அடுத்த வட்டம் கொஞ்சம் பெரிதாக அடித்தான். மூன்றாவது வட்டத்தில் கறுப்புக் கோட்டுக்கு நேராகப் போனான்.

"திருப்பச் சொல்லு தம்பி" என்றார் துரைராசு. "காத்து அந்தப் பக்கமா போவுது, கத்துனா கேக்கும். எனக்குத் தொண்டை இல்ல. நீ கத்து."

என்ன கத்த வேண்டும் என்று இளவழகனுக்குத் தெரியும். இரண்டே வார்த்தை.

வாயைத் திறந்தான்.

வரவில்லை.

"கத்து தம்பி!"

வெள்ளையில வா. வெள்ளையில வா. தொண்டைக்குள் நிற்கிறது. வெளியே வரவில்லை...

அப்போது குரல் கேட்டது.

"டேய் ஃபாஜில்... கறுப்புல வா!"

அவனுடைய குரல்.

டேப்பில் பதிந்து போட்டுக் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் அவன் வாயிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால். ஒரு முழ தூரத்தில்.

திரும்பினான்.

வெயில். வெறும் தரை.

முன்னால் பார்த்தான். முபாரக் கையைத் தூக்கி ஆட்டினான். சரி என்பது போல.

நேராகக் கறுப்புக்குள் விட்டான்.

முன்சக்கரம் புதைந்தது. வண்டி குட்டிக்கரணம் போட்டது.

சத்தமே இல்லை.

இளவழகன் ஓடினான். உப்பு வாரும் நீளப் பலகையோடு துரைராசு பின்னால் ஓடினார். முபாரக் இடுப்பு வரை இறங்கிவிட்டான். கையை அடித்தான். அடிக்க அடிக்க இறங்கினான். நெஞ்சு வரை...

கோட்டின் விளிம்பு.

இளவழகன் நின்றான்.

பிறகு படுத்தான்.

பலகையைப் போட்டு அதன்மேல் வயிற்றால் ஊர்ந்தான். துரைராசு அவன் காலைப் பிடித்துக்கொண்டார். முபாரக்கின் கை கிடைத்தது. அந்தக் கையைத் தொட்டதும் விட்டுவிடத் தோன்றியது. அவ்வளவு குளிர். எலும்புக்குள் இறங்குகிற குளிர். விடவில்லை. இழுத்தான். சேறு விட்டுக்கொடுக்க வெகுநேரம் ஆனது.

கரையில் கிடந்தபோது முபாரக்குக்குப் பல் தந்தியடித்தது. மே மாத வெயிலில் உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏண்ணே... கறுப்புல வரச் சொன்னீங்க?"

"நான் சொல்லலடா."

"உங்க கொரல்தாண்ணே. எங்க ஃபாஜில் காக்கா பேரைச் சொல்லி வேற..."

துரைராசு சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"உன் பக்கத்துல நின்னுச்சே ஒரு பையன். தலையெல்லாம் சொட்டச் சொட்ட. அது யாரு?"

இளவழகன் மறுபடி பலகையில் ஊர்ந்து போய், சேற்றில் கிடந்த பாயை அவிழ்த்து வந்தான்.

பொழுது சாயும் நேரம். முபாரக் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டான். இளவழகன் பாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். அது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அப்துல் வஹாப் மஃரிப் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கமருன்னிஸா வாசலில் நின்றார்.

பாயை நீட்டினான். "நான் கிளம்புறேம்மா."

அவர் வாங்கவில்லை.

"முபாரக் சொன்னான். கறுப்புல வான்னு கத்துனியாம்."

"நான் கத்தலம்மா."

"தெரியும். நீ கத்துனது வேற."

இளவழகன் நீட்டிய பாயைக் கீழே இறக்கினான்.

"ரெண்டு வருஷமா ஃபாஜில் கனவுல வர்றான் தம்பி. உடம்பெல்லாம் ஈரம். வாசல்லயே நிப்பான். உள்ள வாடான்னா வர மாட்டான். ஒண்ணே ஒண்ணு கேப்பான். 'இளா எதுக்கு உம்மா என்னைய வெள்ளையில வரச் சொன்னான்'ம்பான். எனக்கு ஒண்ணும் விளங்கல. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை.

"வெள்ளைன்னா என்ன தம்பி?"

அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் அந்த ஊர் மண்ணுக்கடியில் கிடக்கிறான். மற்றவன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

"உள்ள வா. உக்காந்து சொல்லு."

இளவழகன் படியேறினான். உள்ளே போனான்.

கமருன்னிஸா கதவைச் சாத்தவில்லை. இன்னும் ஓரடி ஒதுங்கி நின்றார். வழி விடுவது போல. வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் ஈரம் இருந்தது. பாய் சொட்டியதாக இருக்கலாம்.

"நீயும் வா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். பூட்டினார்.