முந்திக்கொண்டு சொன்ன சாட்சியும் இரண்டாவது ஸ்கேனும்

எட்டு வருஷம் நான் ஏங்கிய பிறகு என் வயிற்றில் தங்கிய பிள்ளை, சகோதர சகோதரிகளே. ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா ரொம்ப நேரம் தேடினார்கள். "பாப்பா முதுகைக் காட்டிக்கிட்டுப் படுத்திருக்கு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு, இதயம் மட்டும் சரியாத் தெரியல. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

"என்னை மாதிரிதான். எழுப்பினா திரும்பிப் படுத்துக்கும்," என்றார் வீட்டுக்காரர். சிரித்தோம். "நல்லா இருக்கு" மட்டும்தான் என் மனசில் நின்றது. அந்த ஞாயிறே சபையில் எழுந்து, ஸ்கேன் நார்மல் என்று சாட்சி சொல்லிவிட்டேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

ரெண்டு வாரம் தாண்டியது. போகக் கால் வரவில்லை. சாட்சி சொன்னவளே மறுபடி ஸ்கேனுக்குப் போனால் விசுவாசம் இல்லை என்பார்களே. போகாமலும் தூக்கமில்லை. தையல் மிஷின் மேல் தலை சாய்த்து அழுதேன். "ஆண்டவரே, வாய் முந்திக்கிச்சு. நான் போகணும்னா நீரே யாரையாவது அனுப்பும்."

மறுநாள், பாடகர் குழுவில் பாடும் எஸ்தர் அக்கா என்னிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தார். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். எல்லாம் சொன்னேன்.

"ஓ, நீ சாட்சி சொன்னதால, இதயத்தைப் பார்க்க வேணாம்னு ஆண்டவர் டாக்டர்கிட்ட சொல்லிட்டாரா? ரவிக்கை அப்புறம். செருப்பைப் போடுடி."

அக்காவோடு ஸ்கேனுக்குப் போனேன். இந்தத் தடவை இதயம் தெரிந்தது. அதிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருந்தன. இதய டாக்டரும் பார்த்து உறுதி செய்தார். "வயித்துக்குள்ள பயமில்லம்மா. பிறந்ததும்தான் ஆபத்து. ஆபரேஷன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் வெச்சுக்கணும்." தெரியாமல் இருந்திருந்தால், எங்கள் பெருங்களத்தூரில் இருக்கிற சின்ன நர்சிங் ஹோமில்தான் பெற்றிருப்பேன்.

அந்த வாரம் ஜெபிக்கக்கூடத் தெம்பில்லை. பேசாமல் படுத்துக் கிடந்தேன். அதையும் ஜெபமாகக் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்றே நம்புகிறேன்.

பிள்ளை நீலம் பாய்ந்துதான் பிறந்தான். டாக்டர்கள் தயாராக நின்றார்கள். எட்டாம் நாள் ஆபரேஷன். மூன்று வாரம் கழித்து என் மடியில் பால் குடித்தான். இன்னும் செக்கப், அலைச்சல், அசதி எல்லாம் இருக்கிறது. பிள்ளையும் இருக்கிறான்.

நான் கேட்டது நல்ல ரிப்போர்ட். கர்த்தர் கொடுத்தது உண்மையான ரிப்போர்ட். அதைத்தான் போன ஞாயிறு சபையில் எழுந்து, முதலில் சொன்னது அரைகுறை என்று ஒத்துக்கொண்டு சொன்னேன். ஆராதனை முடிந்ததும் ஒரு கர்ப்பிணித் தங்கை ஓரமாக வந்தாள். "என்னையும் ஸ்கேனுக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்காங்கக்கா. யார்கிட்டயும் சொல்லல."

செவ்வாய்க்கிழமை அவளோடு போகிறேன். உங்களில் யாருக்காவது அப்படி இருந்தால், கர்த்தரை நம்பிக் கிளம்புங்கள். தனியாகப் போகப் பயமா? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் வருகிறேன்.