முட்டி லூசான ரோபோ
மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் பிளாஸ்டிக் பாகங்களைச் சோதித்துப் பாஸ் பண்ணுவது என் கணவரின் வேலை. மெஷினில் வலது கை நசுங்கியபின் அவர் பேச்சே குறைந்துவிட்டது. விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றார் டாக்டர். துண்டு துண்டாக வரும், நாமே பொருத்த வேண்டிய ரோபோ பொம்மை ஒன்றை வாங்கி வந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் பயந்துபோனேன். சில துண்டுகள் அரிசி அளவுதான் இருந்தன. முதல் துண்டே அவர் விரலிலிருந்து நழுவி விழுந்தது. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடுவாரோ என்று அவரையே பார்த்தேன். அவர் குனிந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பிசிறே இல்ல. நல்லாத்தான் பண்ணியிருக்கான்."

சாயங்காலம் ரோபோ எழுந்து நின்றது. உடனே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பாரு, முட்டி லூசா இருக்குது. நானா இருந்தா இத பாஸ் பண்ணவே மாட்டேன்," என்றார் கோபமாக.

ஒருவர் குறை சொல்வதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.