பின்விளக்கு மாட்டிய கை

என் கார் வைப்பரில் ஒரு சீட்டு செருகியிருந்தது. "உங்கள் இடது பின்விளக்கு எரியவில்லை. வாழ்த்துகளுடன், இரண்டாம் மாடி." ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் சிற்றூரில் சண்டையைக்கூட இப்படிச் சீட்டில் எழுதி, வாழ்த்துச் சொல்லித்தான் முடிப்பார்கள். ஐந்து வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரும். நம்மூரில் பின்னால் வருகிறவன் ஓவர்டேக் செய்து, ஜன்னல் பக்கம் வந்து, நம் அம்மாவைத் திட்டிவிட்டுத்தான் தகவலைச் சொல்வான்.

சனிக்கிழமை மதியம் டிக்கியைத் திறந்து பல்பைக் கழற்றினேன். கருகிப்போயிருந்தது. புதிய பல்பின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன முனைகள், ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. இந்த மாதிரி பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று மங்கலாக எப்போதும் எரியும், மற்றது பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் பளிச்சென்று எரியும். முனைகள் ஏறியிறங்கி இருப்பதே எவனும் அதை மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். நான் மாற்றி மாட்டியவன். திருவண்ணாமலையில், வேங்கிக்காலில், எங்கள் வீட்டு வாசலில்.

அண்ணன் ஏழுமலை பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஆள் ஏற்றி வரும் வண்டிகளைப் போலீஸ்காரர்கள் நிறுத்தி லைட் பார்ப்பார்கள். பின்விளக்கு இரண்டும் போயிருந்தன. மெக்கானிக்கிடம் கிளம்பியவரை, இன்ஜினியரிங் படித்த திமிரில் நான் தடுத்தேன். "குடுண்ணா, அஞ்சு நிமிஷ வேலை." பல்பு உட்காரவில்லை. திருப்பிப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. அழுத்தித் திருகினேன், உட்கார்ந்துவிட்டது. இன்னொன்றையும் அப்படியே அழுத்தினேன். லைட்டைப் போட்டதும், "இன்னாடா, கல்யாண வீடு மாதிரி எரியுது" என்று அண்ணன் சிரித்தார். பிரேக்கை மிதித்துப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம் நானும் அண்ணனோடு காரில் போனேன். கீழ்பென்னாத்தூர் சாலையில் ஆடுகள் குறுக்கே வந்தன. அண்ணன் பிரேக் போட்டார். பின்னால் வந்த பைக் முழு வேகத்தில் எங்கள் டிக்கியில் மோதியது. ஓட்டியவர் தார் ரோட்டில் உருண்டார். அவர் மனைவியின் நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணை மூடியிருந்தது. அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதற்குள் பெரிய கூட்டம் கூடிவிட்டது. "பிரேக் லைட்டே எரியலய்யா, வண்டி நின்னதே தெரியல" என்று பைக்காரர் கத்தினார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "இல்லீங்க, இன்னிக்குத்தான் புது பல்பு போட்டது. எந்தம்பிதான் மாட்னான், கேளுங்க." ஒருவர் காருக்குள் ஏறிப் பிரேக்கை மிதித்தார். மற்றவர்களோடு நானும் பின்னால் நின்று பார்த்தேன். ஏற்கெனவே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்த விளக்கில் ஒரு மாற்றமும் இல்லை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது: பிரேக்குக்கான இழை எப்போதும் எரியும்படி மாற்றி மாட்டியிருந்தேன். கூட்டம் என் பக்கம் திரும்புவதற்குள் அண்ணனை ஓங்கி அறைந்தேன்.

இந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊரான் கை வைக்கும் முன் சொந்தக்காரனே நாலு போட்டுவிட்டால், "சரி விடுப்பா" என்று யாராவது தடுப்பார்கள், அத்தோடு போகும். "கண்ண எங்கடா வச்சிருந்த" என்று அண்ணனையே டா போட்டுக் கத்தி, இரண்டாவது அடியும் அடித்தேன். யாரும் தடுக்கவில்லை. என் அடியை அவர்கள் அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். விலாவில் மிதித்தார்கள். சாவிக்கொத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு ஒருவன் இடது காதில் திரும்பத் திரும்பக் குத்தினான். கழுத்து வழியாக ரத்தம் இறங்கியது. அண்ணன் தரையில் கிடந்தபடி என்னையே பார்த்தார். நான் மூன்றடி தள்ளி நின்றேன். "நியாயமான புள்ள" என்று ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார்.

அந்த அம்மாவுக்குத் தையலோடு போயிற்று. அண்ணனுக்கு இடது காது போனது போனதுதான். அதிலிருந்து எட்டாவது மாதம் நான் விமானம் ஏறினேன். வேலைக்காக வந்தேன் என்று இங்கே எல்லோரிடமும் சொல்கிறேன். ஓடி வந்தேன் என்பதுதான் உண்மை.

புதிய பல்பை மாட்டி முடித்தபோது இரண்டாம் மாடிக்காரர் இறங்கி வந்து, "பிரெம்ஸ்லிஷ்ட்?" என்றார். பிரேக் விளக்கு. நான் உள்ளே உட்கார்ந்து மிதித்தேன், அவர் பின்னால் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இறங்கியபோது என் கண்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. விரலை நசுக்கிக்கொண்டேன் என்று நினைத்து, மனிதர் மாடிக்கு ஓடிப் பிளாஸ்திரி எடுத்து வந்தார். விளக்கிச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை. காயமில்லாத விரலில் வாங்கி ஒட்டிக்கொண்டேன்.

அவர் போனதும் காரில் சாய்ந்து நின்றபடியே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ண்ணா, அன்னிக்கு பல்ப நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

"தெரியும். மெக்கானிக் கழட்டிப் பாத்தப்பவே சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?"

"பல்பு தப்பாப் போறது யாருக்கும் வரும்டா. நான் கேக்கணும்னு இருந்தது வேற. என்னை அடிச்சியே, அது என்னைக் காப்பாத்தவா, உன்னைக் காப்பாத்திக்கவா?"

இத்தனை வருடம் எனக்கே நான் சொல்லிவந்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன்.

"என்னைத்தாண்ணா."

"எப்ப வர?"

"டிசம்பர்ல."

"வா. அந்த அடிய நான் உனக்குத் திருப்பிக் குடுக்கணும். அதுவரைக்கும் வேற எவன்கிட்டயும் வாங்கிக்காத."

இந்த நாட்டில் என்மேல் கை வைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. முன்பு அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேலைக்குப் போகிறேன், வரி கட்டுகிறேன், சீட்டுக்கு நன்றி எழுதி அந்த மாடிக் கதவில் ஒட்டுகிறேன். என் கன்னம் மட்டும் வேங்கிக்காலில் அண்ணன் கைக்குக் காத்திருக்கிறது.